சமையலறையிலிருந்து ஒரு படநூல்: பெங்களூர்த் தமிழ் வீடுகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடும்பத்தின் ஊர், சாப்பாடு, பேச்சு இவற்றைச் சொல்லும் படநூலைப் பிள்ளைகளுக்கு வாங்க நினைப்பவர்களுக்கும், வீட்டிலேயே எழுதிப் பத்து இருபது பிரதி அச்சிட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் நாலு தலைமுறையாக இருக்கிற வீடுகளும் சரி, வேலைக்காக நேற்று வந்து ஒயிட்ஃபீல்டில் குடியேறியவர்களும் சரி, கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான்.

கடையில் தமிழ்ப் படநூல்கள் கிடைக்கின்றனவே. நாமே செய்ய வேண்டிய அவசியம் என்ன?

அவசியம் என்று எதுவும் இல்லை. முதலில் இருப்பதை வாங்கிப் படியுங்கள். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் நூல்களைப் போடுகிறது. இங்கே பெங்களூரிலேயே 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் குறைந்த விலையில் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடுகிறது. டெல்லியின் நேஷனல் புக் டிரஸ்ட் நூல்கள் புத்தகக் கண்காட்சிகளில் கிடைக்கும். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகமும் உண்டு.

ஆனால் அச்சான நூல் எதுவும் உங்கள் வீட்டுப் பாட்டி கோலார் தங்கவயலில் லைன் வீட்டில் (சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடு) எப்படிச் சமைத்தார் என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் நீங்கள்தான் எழுத வேண்டும். பொதுவான ‘தமிழ்ப் பண்பாடு’ பற்றி இன்னொரு நூல் எழுதுவதாக இருந்தால் வேண்டாம், விட்டுவிடலாம்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் புரட்டுங்கள். கதை பாதியாவது புரிந்தால் நல்ல படநூல். பிறகு ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறினால் அது ஆங்கிலத்தில் எழுதி அவசரமாகத் தமிழாக்கியது. ராத்திரி படுக்கையில் பத்தாவது தடவை படிக்கும்போது உங்களுக்கே அலுத்துவிடும்.

உணவு பற்றிய நூலானால் இன்னொரு சோதனை: கதையில் வரும் தோசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பீட்சாவை வையுங்கள். கதை அப்படியே ஓடினால் அந்தத் தோசை வெறும் அலங்காரம்.

எந்த வயதுக்கு எவ்வளவு எழுத்து?

மூன்று வயதுக்குள் பக்கத்துக்கு ஒரு சொல், அல்லது ஒரு சின்ன வாக்கியம். கெட்டி அட்டைப் பக்கம். மூன்றிலிருந்து ஐந்துக்கு மொத்தம் 150 முதல் 300 சொற்கள். ஆறு முதல் எட்டுக்கு 400 முதல் 800. தமிழில் ஒரு சொல்லே நீளமாக இருப்பதால் ஆங்கில நூல்களின் சொற்கணக்கை அப்படியே வைத்துக்கொண்டால் பக்கம் நிரம்பி வழியும். மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்வது நல்லது.

எந்தப் பதார்த்தம் கதைக்கு ஆகும்?

பிள்ளையின் கைக்கு வேலை வைக்கிற பதார்த்தம். ருசியாக இருப்பது மட்டும் போதாது, செய்யும்போது ஏதாவது மாற வேண்டும்: உப்ப வேண்டும், வெடிக்க வேண்டும், உருவம் மாற வேண்டும், அல்லது காத்திருக்க வைக்க வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் பெங்களூர்ச் சந்தையில் அவரைக்காய் குவியும். அதை உரித்து, கொட்டையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் தோலிலிருந்து பருப்பு துள்ளி வெளியே விழும். வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் இது பிதுக்கம்பருப்பு. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர்களுக்கு ஹிதகித பேளே. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வேலை இல்லை. பருப்பு எதிரில் இருப்பவர் மூக்கில் பட்டால் அதுவே ஒரு பக்கம் ஆயிற்று.

கொழுக்கட்டை, குழிப்பணியாரம், முறுக்கு பிழிதல், எள்ளுருண்டை பிடித்தல் எல்லாம் நன்றாக வரும். அதிரசம் பெரியவர்களுக்கே கைநடுங்கும் சமாசாரம். பாகு பதம், மாவு புளிக்கும் நாள், எண்ணெய் என்று எல்லாமே பிள்ளையைத் தள்ளி நிற்க வைப்பவை. பிள்ளை வெறுமனே வேடிக்கை பார்க்கும் கதை பாதியிலேயே படுத்துவிடும். சாம்பாருக்கும் அதே கதிதான்: எல்லாம் ஒரே பாத்திரத்தில் கொதிக்கிறது, படத்தில் காட்ட ஒன்றுமில்லை.

24 பக்கத்தில் கதையை எப்படி அடுக்குவது?

அட்டையை நீக்கி 24 உள்பக்கம். 1-ஆம் பக்கம் தலைப்பு. 2, 3-இல் சமர்ப்பணமும் எழுதியவர், வரைந்தவர் விவரமும். 4 முதல் 21 வரை கதை. எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கத்தை ஒரு காட்சியாக எடுத்தால் ஒன்பது காட்சிகள். 22, 23-இல் செய்முறையும் குடும்பக் குறிப்பும். 24-இல் ஒரு சின்னப் படம்.

பெங்களூருக்கே உரிய ஒரு உதாரணம். டிசம்பர், ஜனவரியில் இங்கே ராத்திரி வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கும். ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இட்லி மாவு நன்றாகப் பொங்க 28 முதல் 32 டிகிரி வேண்டும். வேலூரில் எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு இங்கே பதினான்கு மணி நேரம் ஆனாலும் சோம்பிக் கிடக்கும். இதுவே கதை:

காட்சி 1, பிள்ளை டம்ளரால் அரிசியும் உளுந்தும் அளக்கிறாள். 2, கிரைண்டர் சத்தம்; பூனை ஓடுகிறது. 3, உப்புப் போட்டுக் கையால் கலக்கிறாள். பாத்திரத்தின் வெளியே மாவு நிற்கும் மட்டத்தில் சாக்பீஸால் கோடு போடுகிறாள். 4, ராத்திரி, எல்லோரும் ஸ்வெட்டரில். 5, காலையில் மாவு கோட்டைத் தாண்டவே இல்லை. 6, வேலூர் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, போன்: “இங்க காலைலயே பொங்கிடும் கண்ணு, உங்க ஊரு குளிருக்குக் கம்பளி போத்தி வை.” 7, எதிர்வீட்டுக் கன்னட ஆன்ட்டி உப்பிட்டு (உப்புமா) கொடுத்தனுப்புகிறார், மாவுப் பாத்திரத்துக்குப் பிள்ளையின் சால்வை. 8, சாயங்காலம் மாவு கோட்டையும் தாண்டி, மூடியையும் தள்ளி, மேடையில் வழிகிறது. 9, இட்லி, உப்பிட்டு வந்த தட்டிலேயே நாலு இட்லி திரும்பிப் போகிறது.

இதில் எங்கேயும் ‘நம் பாரம்பரியம்’ என்ற சொல் இல்லை. வேலூர் இருக்கிறது, பெங்களூர்க் குளிர் இருக்கிறது, இரண்டு வீட்டுத் தட்டு இருக்கிறது. அடையாளம் என்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி அதில் பாட்டியை உபதேசம் பண்ண வைப்பதுதான் இந்த வகை நூல்களில் அடிக்கடி நடக்கும் கோளாறு. அந்தப் பக்கம் வந்ததும் பிள்ளை இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிடும்.

ஒரு நுணுக்கம்: பக்கத்தைத் திருப்புவதற்கு முன் கேள்வி, திருப்பியதும் பதில். மேலே 5-ஆம் காட்சிக்கு முன்னால் பாத்திரத்தின் மூடியில் கை வைத்ததோடு நிறுத்த வேண்டும்.

பாட்டியிடம் அளவு கேட்டால் ‘கண்ணளவுதான்’ என்கிறார். என்ன செய்வது?

கேட்காதீர்கள், எடை போடுங்கள். அவர் சமைக்கத் தொடங்குமுன் அரிசி டப்பா, உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா எல்லாவற்றையும் சமையல் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சமைத்து முடித்ததும் மறுபடி எடை. வித்தியாசம்தான் அவர் போட்ட அளவு. அவர் கையை நிறுத்தி நிறுத்தி அளக்கப் போனால் வழக்கத்தைவிட ஜாக்கிரதையாகப் போடுவார், கணக்குத் தப்பிவிடும். வெவ்வேறு நாளில் மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

ஆழாக்கு, உழக்கு, படி என்று சொன்னால் அந்தப் பாத்திரத்தையே எடுத்துத் தண்ணீர் ஊற்றி மில்லிலிட்டரில் அளந்துவிடுங்கள். படி ஊருக்கு ஊர் மாறும். இணையத்தில் பார்த்த எண்ணை எழுதினால் உங்கள் பாட்டியின் சாதம் குழைந்துவிடும்.

கதை கேட்பதும் சமைக்கும் நேரத்தில்தான் நன்றாக நடக்கும். ‘அந்தக் காலத்தில் எப்படி இருந்தது’ என்ற கேள்விக்கு ‘நல்லா இருந்துச்சு’ என்ற பதில்தான் வரும். ‘அடுப்பு எந்த மூலையில் இருந்தது, விறகு யார் கொண்டுவருவார், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், முதல் இட்லி யாருக்குப் போகும்’ என்று கேளுங்கள். போனை அவரிடமிருந்து ஒன்றரை அடி தூரத்தில், அடுப்புக்கு எதிர்ப்பக்கம் வைத்துப் பதிவு செய்யுங்கள். தாளிக்கும் சத்தமும் குக்கர் விசிலும் பேச்சை விழுங்கிவிடும். அரைமணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். கோப்புக்கு அன்றைக்கே பெயர் வையுங்கள், தேதியும் பதார்த்தமும் போட்டு. பெயரில்லாத நாற்பது பதிவுகளில் பிறகு எதையும் தேட முடியாது.

செய்முறைப் பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

பிள்ளை செய்வதற்கு ஒரு நிறம், பெரியவர் செய்வதற்கு ஒரு நிறம். இது ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. அளவு சின்னதாக இருக்கட்டும். மேலே சொன்ன இட்லிக்கு: 200 மி.லி. டம்ளரில் இட்லி அரிசி 2, முழு உளுந்து அரை, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கல்லுப்பு 2 தேக்கரண்டி. நான்கு மணி நேரம் ஊறல். உளுந்தைத் தனியாக, பொங்கப் பொங்க அரைத்து, அரிசியைச் சன்ன ரவைப் பதத்தில் எடுத்துக் கலக்க வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு இருக்கக் கூடாது. ஆவியில் 10 முதல் 12 நிமிடம்.

கூடவே ‘சரியாக வராவிட்டால்’ என்று மூன்று வரி போடுங்கள். மாவு பொங்கவில்லை: குளிர், கம்பளி சுற்றுங்கள், அல்லது சூட்டை அணைத்துவிட்டு விளக்கு மட்டும் எரியும் ஓவன் அடுப்புக்குள் வையுங்கள். இட்லி கல்லாக இருக்கிறது: உளுந்து போதவில்லை, அல்லது மிக்ஸியில் சூடேறிவிட்டது, ஐஸ் தண்ணீர் விட்டு அரைக்கவும். இட்லி தட்டையாகப் படர்கிறது: தண்ணீர் கூடிவிட்டது. சமையல் நூல்களில் விட்டுப்போவது இந்த வரிகள்தான், பிள்ளைகள் விரும்பிப் படிப்பதும் இவற்றைத்தான்.

நூலை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து, உங்கள் வீட்டில் சாப்பிட்டே இராத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

டிஃபன் டப்பாவைப் பார்த்து வகுப்பில் சிரிப்பது, கடைசியில் எல்லோரும் ருசித்துப் பாராட்டுவது: இப்படி எழுதலாமா?

எழுதலாம், ஆனால் ஏற்கெனவே எல்லோரும் எழுதிவிட்டார்கள். அது பெரும்பாலும் வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளின் கதை. பெங்களூர் வகுப்பறையில் உங்கள் பிள்ளை புளியோதரை கொண்டுபோனால் பக்கத்து டப்பாவில் புளியோகரே இருக்கும். யார் சிரிப்பார்? இங்கே உண்மையான விஷயம் வேறு: ஒன்றுபோலவே இருந்தும் கொஞ்சம் வேறாக இருப்பது. சங்கராந்திக்கு எதிர்வீட்டிலிருந்து எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை கலந்த ‘எள்ளு பெல்லா’ வரும். அதே நாளில் உங்கள் வீட்டில் பொங்கல் பொங்குகிறது. ஒரு பிள்ளை அந்தத் தட்டையும் இந்தக் கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்குவதில் கதை இருக்கிறது.

டப்பாவால் நிஜமாகவே சங்கடம் வருவது கருவாடு, மீன், மாட்டிறைச்சி கொண்டுபோகும் பிள்ளைகளுக்குத்தான். அதை எழுதத் துணிந்தால் எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் கைதட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு தோழி பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

எங்கள் வீட்டில் அசைவம். ‘தமிழ் உணவு’ நூலில் வாழை இலையும் பருப்பு நெய்யும்தான் வர வேண்டுமா?

இல்லவே இல்லை. தமிழ்ச் சாப்பாட்டைச் சைவ விருந்தாக மட்டும் வரைவது பழகிப்போன சோம்பல். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, ஈத் அன்றைக்குப் பிரியாணி, செப்டம்பர் 8-இல் முடியும் சிவாஜிநகர் மாதா திருவிழாச் சாப்பாடு எல்லாம் இந்த ஊர்த் தமிழர்களின் வீட்டில் வேகிறவைதான். உங்கள் அடுப்பில் என்ன இருக்கிறதோ அதை வரையுங்கள்.

பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான்.

படநூல் முதலில் காதுக்கு. நீங்கள் படியுங்கள், பிள்ளை படத்தைப் படிக்கட்டும். அதற்கு மேல் இரண்டு வழி உண்டு.

ஒவ்வொரு காட்சியிலும் திரும்பத் திரும்ப வருகிற ஒரே ஒரு சொல்லை மட்டும் பெரிதாகப் போடுவது. ‘பொங்கலையே!’ என்று ஐந்து இடத்தில் வந்தால், ஆறாவது இடத்தில் பிள்ளையே எழுத்தைப் பார்த்துச் சொல்லும்.

இன்னொன்று, கீழே கன்னட எழுத்தில் தமிழை எழுதுவது. இங்கே பல வீடுகளில் இது ஏற்கெனவே நடக்கிறது. கன்னடத்தில் ‘அக்கா’வில் வரும் க, ‘தங்கம்’ என்பதில் வரும் க போன்ற ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து இருப்பதால் உச்சரிப்பு தெளிவாகவே வரும். ‘ழ’, ‘ற’ இரண்டுக்கும் மட்டும் இன்றைய கன்னடத்தில் எழுத்தில்லை. பிள்ளைக்குத் தெரிந்த ள, ர போட்டுவிட்டு வாயால் திருத்துங்கள். மூன்று மொழியையும் ஒரே பக்கத்தில் திணித்தால் படத்துக்கு இடம் இருக்காது. இரண்டுதான் எல்லை.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா?

கதை சொல்லும் வரி எளிய எழுத்துத் தமிழ், பாத்திரங்கள் பேசுவது உங்கள் வீட்டுப் பேச்சு. ‘அவள் மூடியைத் திறந்தாள்’ என்று எழுதலாம்; அவள் வாயில் ‘ஐயோ, அப்படியே இருக்கும்மா!’ என்றுதான் வர வேண்டும். உறவுப் பெயர்களில் சமரசம் வேண்டாம். அம்மாச்சி, அப்பத்தா, அவ்வா, ஆயா, உம்மும்மா எது உங்கள் வீட்டிலோ அதுவே. ஆங்கிலப் பதிப்பும் போடுவதானால் வட ஆற்காட்டு ‘ஆயா’வுக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். இல்லாவிட்டால் படிப்பவர் பாட்டியை வேலைக்கு வைத்த பெண் என்று நினைத்துக்கொள்வார்.

ஓவியரிடம் என்ன கொடுக்க வேண்டும்? எங்கே தப்பு வரும்?

புகைப்படம் கொடுங்கள். வாயால் சொன்னால் தப்பும். அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை நான்கையும் குழப்புவார்கள். ஆட்டுக்கல்லில் மிளகாய் அரைக்கும் படங்கள் எத்தனையோ. இலையின் நுனி சாப்பிடுபவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். பரிமாறுவது வலக்கையால். பொங்கல் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து, அதுவும் இலையோடு. வீட்டுக்குள் எவர்சில்வரா, இண்டாலியமா, மண்ணா என்பது எந்தப் பத்தாண்டு என்பதைச் சொல்லிவிடும். அதனால் பாத்திரங்களைத் தனித்தனியாகப் படம் எடுத்து ஆண்டோடு அனுப்புங்கள். பிள்ளையின் முகத்தைவிடக் கைகளைப் பெரிதாக வரையச் சொல்லுங்கள், வேலை செய்வது அவைதான்.

உரிமை விஷயத்தை எழுத்தில் போடுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூர்ச் சித்தி அங்கே நூறு பிரதி அச்சிட விரும்பினால் இந்த வரி முக்கியம்.

கட்டளை கொடுத்தால் படம் போட்டுத் தரும் செயலிகள்?

சமையல் பாத்திரங்கள் தப்பாக வரலாம், பாட்டியின் முகம் பக்கத்துக்குப் பக்கம் மாறலாம், படத்துக்குள் வரும் தமிழ் எழுத்து உடைந்து வரலாம். பிள்ளையே கிரேயானில் வரைந்தால் அதைவிட நன்றாக இருக்கும்.

பெங்களூரில் தமிழர்கள் எப்படி வந்தார்கள் என்பதைப் பின்குறிப்பில் சொல்லலாமா?

பெரியவர்களுக்கான அரைப் பக்கமாகச் சொல்லலாம். டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1809-இல் பிரிட்டிஷார் தண்டு (ராணுவக் குடியிருப்பு, கண்டோன்மென்ட்) அமைத்தபோது மெட்ராஸ் மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் கொத்தனார்களும் வியாபாரிகளும் வந்து சேர்ந்தார்கள். கண்டோன்மென்ட் ரயில் நிலையத்தை இன்றைக்கும் ‘தண்டு’ என்று சொல்பவர்கள் உண்டு. கோலார் தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டபின் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, மாரிகுப்பத்து ரயிலில் தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கின. உங்கள் குடும்பம் இந்த மூன்றில் எந்த வழியில் வந்தது, அல்லது ஐ.டி. வேலைக்காக வந்ததா என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டி இங்கே தமிழர்கள் தாக்கப்பட்டதை எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கான கதைக்குள் வேண்டாம். எட்டு, ஒன்பது வயதுக்கு எழுதுவதானால் பிள்ளை கண்ணில் படுவதோடு நிறுத்துங்கள்: அப்பா வேலைக்குப் போகவில்லை, ஜன்னல் சாத்தியிருக்கிறது, வாசல் பெயர்ப் பலகையைக் கழற்றினார்கள். அக்கம்பக்கத்தார் உதவினார்கள் என்ற நினைவு உங்கள் வீட்டில் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் முடிவு இனிப்பாக இருக்க வேண்டும் என்று அதைக் கற்பனை செய்யாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் பேச விரும்பாத விஷயமானால் அவர்கள் விருப்பம்தான் முதலில்.

பழைய போட்டோக்களைச் சேர்க்கலாமா?

முன், பின் உள்ளட்டைகளில் அழகாக இருக்கும். தபால்தலை அளவுப் படங்களை 1200 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு), கார்டு அளவை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யலாம். காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்த படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவருக்கே. பத்திரிகையிலோ இணையத்திலோ எடுத்த படம் அப்படியல்ல. சினிமாப் பாட்டு வரிகளையும் சேர்க்காதீர்கள். வழிவழியாக வரும் தாலாட்டுக்குத் தடை இல்லை.

தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. ‘கொ’வில் கொம்பு தனியாக ஓடுகிறது!

மூன்று காரணங்களில் ஒன்று. முதலாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அது வேறு கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்; தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். இரண்டாவது, மென்பொருளின் அமைப்பு. இன்டிசைனில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்துக்கான தேர்வு. மூன்றாவது, எழுத்து இடைவெளியைக் கூட்டியது. ஆங்கிலத் தலைப்பை விரிப்பதுபோலத் தமிழை விரித்தால் கொம்பும் காலும் பிரிந்துவிடும். அதைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

எழுத்துரு தேர்வில் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதிதாகப் படிக்கும் பிள்ளை தடுமாறும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசம், தெளிவானவை. அளவு 20 முதல் 24 புள்ளி. ‘கி’யின் மேல் வளைவும் ‘கூ’வின் கீழ்ச் சுழியும் முட்டாமலிருக்க வரிக்கு வரி ஒன்றரை மடங்கு இடைவெளி விடுங்கள். இரண்டு ஓரமும் சமமாக வெட்டியதுபோல அடுக்க வேண்டாம். இடப்பக்கம் மட்டும் நேராக இருக்கட்டும். சொல்லை நடுவில் உடைக்கும் வசதியை அணைத்துவிட்டு, மூச்சு விடும் இடத்தில் நீங்களே வரியை மடியுங்கள்.

அச்சகத்தில் என்ன சொல்ல வேண்டும்?

அவென்யூ ரோடு, சுல்தான்பேட்டைப் பக்கம் டிஜிட்டல் அச்சகங்கள் நிறைய. இருநூறு பிரதிக்குள் டிஜிட்டல். ஐந்நூறுக்கு மேல் போனால் ஆஃப்செட் விலையும் கேளுங்கள்.

படம் வரையத் தொடங்குமுன்பே நூலின் அளவை முடிவு செய்துவிட வேண்டும். டிஜிட்டல் இயந்திரத்தின் தாள் பெரும்பாலும் 12க்கு 18 அல்லது 13க்கு 19 அங்குலம். 8.5 அங்குலச் சதுர நூல் விரித்தால் 17 அங்குலம். நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) சேர்த்தாலும் இந்தத் தாளில் அடங்கும். 10 அங்குலச் சதுரம் விரித்தால் 20, அடங்காது. அகலவாட்டில் ஏ4 இன்னும் மோசம். எல்லாப் படமும் வரைந்து முடித்தபின் இது தெரிந்தால் ஓரங்களை வெட்டுவதுதான் வழி. வெட்டினால் முதலில் போவது பாட்டியின் முழங்கை.

உள்தாள் 130 ஜிஎஸ்எம் (தாளின் எடையைச் சொல்லும் அளவு) மேட், அட்டை 300 ஜிஎஸ்எம், மேலே மேட் லேமினேஷன். பளபளப்புத் தாள் ட்யூப்லைட் வெளிச்சத்தைக் கண்ணில் அடிக்கும். 24 பக்கத்துக்கு சென்டர் பின் (நடுமடிப்பில் கம்பி அடிப்பது) போதும், புத்தகம் தட்டையாக விரியும். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில், அதாவது முதுகில் பசை போட்டு ஒட்டினால், நடுவில் இருக்கும் முகம் பசைக்குள் போய்விடும், பிள்ளை இழுத்தால் தாளும் கழன்றுவரும். சென்டர் பின்னுக்குப் பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். மடிக்கும்போது உள்தாள்கள் வெளியே தள்ளி நிற்பதை வெட்டிச் சமன் செய்வார்கள் என்பதால், எழுத்தையும் முகத்தையும் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே வையுங்கள்.

படங்கள் அச்சு அளவிலேயே 300 டிபிஐ. மஞ்சள், கேழ்வரகு நிறங்கள் திரையில் ஒன்றும் தாளில் ஒன்றுமாக வரும். மஞ்சள் பச்சையடிக்கும், கேழ்வரகுக் களி கறுத்துவிடும். அதனால் ஒரு முழுப் பிரதி மாதிரி அச்செடுத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்தபின்தான் மீதிக்குச் சரி சொல்ல வேண்டும். எழுத்துருக்கள் உள்ளே பதிந்த பிடிஎஃப் கொடுங்கள். அனுப்புமுன் அதை வேறொருவர் போனில் திறந்து எல்லாக் கொம்புகளும் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) வேண்டுமா?

சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டாம். கடையில் விற்பதானால் வேண்டும். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. காசு கேட்கும் இடைத்தரகர்கள் தேவையில்லை. நூலை வெளியிட்டால் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மற்ற மூன்று பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும்.

இணையத்தில் இலவசமாகப் போட்டால் எல்லோரும் படிப்பார்களே?

பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் போடலாம். அங்கே இருக்கும் கன்னட நூல்களைத் தமிழாக்கிப் பழகுவதும் நல்ல பயிற்சி. ஆனால் அங்கே ஏற்றுகிற கதையும் படமும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போகும். பெயரைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஓவியர் இதற்கு எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். ஏற்றும் பதிப்பில் குடும்பப் போட்டோ, பிள்ளையின் முழுப்பெயர், பள்ளியின் பெயர், வீட்டு வாசல் எண் தெரியும் படம் எதுவும் இருக்கக் கூடாது. அவை வீட்டுப் பிரதியோடு நிற்கட்டும்.